உயிலுக்கும் சேமிப்புக்கும் நடுவில்

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்கும், சார். இருங்கள், திரையை இழுத்துவிடுகிறேன். போலீஸ்காரர் என்றாலும் வீட்டுக்கு ஒருவர் வந்து ரொம்ப நாளாயிற்று.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். உயில் எழுதும் வக்கீலும் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. உயிலில் மகள் பெயர் இருக்கும். வங்கியில் என்றைக்கோ கொடுத்த வாரிசுப் பெயர் வேறாக இருக்கும். ஆள் போன பிறகு குடும்பம் கோர்ட்டுப் படியேறும். அப்படி ஆகாமல் இரண்டையும் பொருத்திவைப்பது என் வேலை.

டாக்டரம்மா அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார். கண் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள், வேறு ஊரில். சேமிப்பெல்லாம் கொழுந்தனார் பெயரிலேயே வாரிசுப் பதிவாகிக் கிடந்தது. மகளையும் வக்கீலையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

முடிந்துவிட்டால் எந்தச் சாக்கில் அந்த வீட்டுக்குப் போவேன்?

"கண்ணு செவந்திருக்கே தம்பி, தூங்கலையா?" என்று கேட்பார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. இந்த வீட்டில் சாயங்காலம் நான் சாவியை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது.

மகள் எனக்கு ஃபோன் செய்வாள். "அண்ணா, அடுத்த வாரம் வந்து அம்மாவைப் பாத்துட்டுப் போகவா?"

"இப்ப வேணாம்மா. நீ கூட இருந்து மிரட்டி எழுதவெச்சதா உங்க சித்தப்பா கேஸ் போடுவாரு. கையெழுத்தாகட்டும். ஃபோன்லயும் ரொம்பப் பேசாத."

நல்ல பெண், சொன்னதைக் கேட்டாள். அறிவுரையிலும் தப்பில்லை சார், எந்த வக்கீலும் அதையேதான் சொல்வார். கையெழுத்தைத்தான் நான் தள்ளிக்கொண்டே போனேன். அம்மா யோசிக்கிறார் என்று வக்கீலிடம் சொன்னேன். வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, மகளுக்கு வேலை நெருக்கடி என்று அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்கு என் ஞாபகமே இல்லை போல" என்றார் ஒரு தடவை. ஆறுதல் சொன்னேன்.

ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுங்க தம்பி. அவளையும் வரச் சொல்லுங்க."

மருத்துவர் அல்லவா, என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மகள் வந்துவிடுவாள். வந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

ஃபோனைக் காதில் வைத்து விலாசத்தை நிதானமாகச் சொன்னேன். யாரையும் அழைக்கவில்லை. பிறகு இன்னொரு தடவை காதில் வைத்து எடுத்துவிட்டு, "உங்க பொண்ணு கிளம்பிட்டாம்மா" என்றேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லிட்ட பிறகும் விடவில்லை.

நான் சல்லிக்காசு எடுக்கவில்லை, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். சேமிப்பு கொழுந்தனாருக்குப் போய்விட்டது. மகள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"கடைசியா அம்மா என்னைக் கேட்டாங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். கேட்டார் என்று தெரிந்தால் அவளுக்கு மனசு தாங்காது.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், சார், கையெழுத்துப் போடுகிறேன். கவனிக்க ஆளில்லாமல் இறந்தார் என்று மட்டும் எழுத வேண்டாம். பெற்ற மகளே எட்டிப்பார்க்காத வீட்டில் நான் ஒருவன் இருந்தேனே.