ஈறு தெரியச் சிரித்த அக்கா

என் முதுகுக்குப் பின்னால் இந்தப் பேனரில் ஒரு பெண் சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்பு பொய். கம்ப்யூட்டரில் ஒட்டிய பற்கள். பல் மருத்துவன் சொல்கிறேன், அப்படி ஒரு வாய் மனித குலத்திலேயே இல்லை!

இந்த இலவசப் பல் முகாமுக்கு இடம் தந்து தலைமையும் ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, மேடையை நிறைத்த பெரியோர்களே, வேலை முடிந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளும் என் தோழர்களே, வணக்கம்!

எது அழகான சிரிப்பு? வெள்ளையா? சுவரில் அடித்த சுண்ணாம்பு கூடத்தான் வெள்ளை! வரிசையா? ஜன்னல் கம்பி கூடத்தான் வரிசை! நடுப்பல் இரண்டும் சற்றே பெரிதாக முன்னிற்கும். பக்கத்துப் பற்கள் ஒரு நூல் ஒதுங்கி வழிவிடும். மேற்பற்களின் விளிம்பு கீழுதட்டின் வளைவோடு வளைந்து போகும். பல்லின் நுனியில் வெளிச்சம் நுழையும். வாயின் ஓரத்தில் துளி இருட்டு தங்கும். அந்த இருட்டுதான் பல்லை ஒளிரவைக்கும். யார் வரைந்த வளைவு இது? யார் வைத்த விளக்கு இது? நான் இதையெல்லாம் வெறும் அளவாகத்தான் படித்தேன். அழகாகப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான்.

ஒரு அக்கா. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். ஒரு துணிக்கடையின் முன் கவுண்டரில் பன்னிரண்டு வருடமாக நின்றவர். துணிக்கட்டு இறக்கும்போது ஏணி சரிந்தது. மேல் முன்பற்கள் நான்கு போயின. கடையில் விழுந்தார், கடைக்காக விழுந்தார். மறு வாரமே குடோனுக்கு அனுப்பினார்கள். "பல்லு கட்டிட்டு வாம்மா, பாக்கலாம்" என்றார்கள்.

என்னிடம் வந்தார். "ஈன்னு சொல்லுங்க அக்கா" என்றேன். சொன்னார். அளந்தேன், பல்செட் செய்தேன், மாட்டினேன். கச்சிதம்! கூட வந்த தங்கை சொன்னார்: "ஏய், இனிமே உன் மாமியார் உன்னைப் பாத்து பயப்படுவாங்கடி!"

அக்கா சிரித்தார். உதடு மேலே ஏறியது. பல்லுக்கு மேலே பிளாஸ்டிக் ஈறு பளீரென்று எட்டிப் பார்த்தது. கண்ணாடியில் கண்டதும் கை வாய்க்குப் போய்விட்டது.

"சிரிச்சா காட்டிக் குடுக்குது டாக்டர். பரவால்ல, நான் சிரிக்காம இருந்துக்குறேன்."

பரவாயில்லையா? என் தவறு அது! 'ஈ' என்று நின்ற உதட்டை அளந்தேன். சிரித்த உதட்டை அளக்கவில்லை.

மறுமுறை மெழுகில் பல்லைப் பதித்து வாயில் வைத்துவிட்டு, தங்கையிடம், "நீங்க ஏதாவது பேசுங்கம்மா" என்றேன்.

"பாருடி, பல்லு புடுங்குற எடத்துல என்னைக் காமெடி பண்ணச் சொல்றாரு!"

அது போதும், அக்கா குலுங்கினார். உதடு ஏறிய இடத்தைக் குறித்தேன். "விழுறதுக்கு முன்ன அவளுக்கு எடது பல்லு லேசா திரும்பி இருக்கும் டாக்டர்" என்றார் தங்கை. திருப்பி வைத்தேன். பிளாஸ்டிக் ஈற்றை எடுத்துவிட்டு, பல்லின் கழுத்தை அவருடைய சொந்த ஈறோடு பொருத்தினேன்.

அன்று சிரித்தார் பாருங்கள்! ஈறு தெரிந்தது, பாடநூல் அதைக் குறை என்கிறது. பல் திரும்பியிருந்தது, பாடநூல் அதையும் குறை என்கிறது. கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தேன்! பல்லை நான் செய்தேன், தோழர்களே. அந்தச் சிரிப்பை நான் செய்யவில்லை!

மூன்று மாதம் ஆகிறது. அக்கா இன்னும் குடோனில். கேட்டால் இன்னும் "பாக்கலாம்".

தலைவர் அவர்களே, அது உங்கள் கடை.

கைதட்டாதீர்கள், ஐயா பேசினால் கேட்க வேண்டும். முகாமுக்கு இடம் தந்ததற்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் என் வணக்கம். மைக்கை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன், ஐயா. அக்கா நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கிழமையிலிருந்து அவர் கவுண்டரில் நிற்பார்? நாளைச் சொல்லுங்கள்.