படகுக்கு ஒரு கழிப்பறை

படகில் கழிப்பறை வைப்பது வீட்டில் வைப்பது போல அல்ல. வீட்டில் குழி தோண்டி மூடிவிட்டால் அதைப் பற்றி மறந்துவிடலாம். படகில் நாம் கழித்தது நம்மோடேயே பயணம் செய்யும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் வந்ததிலிருந்து எனக்கும் ஸ்டீபனுக்கும் என்ன பகை என்றே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மேடம். பகை ஒன்றும் இல்லை. கழிப்பறை விஷயத்தில் எங்களுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான்.

என் பெயர் பூவராகவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் பாதுகாப்பு அலுவலர். ஸ்டீபன் அதே ஆலையில் வெல்டர். வெங்கடேசன் முன்பு எங்களோடு இருந்தவன், இப்போது எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறான். பழவேற்காட்டில் கவிழ்ந்து கிடந்த ஒரு பழைய பெரிய படகை மூன்று பேரும் சேர்ந்து வாங்கினோம். யோசனை ஸ்டீபனுடையது. ஓட்டையை அடைத்து, கூரை போட்டு, என்ஜின் ஏற்றியதும் அவன்தான். சுண்ணாம்புக்குளத்தில் கட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியாக ஏரிவரை போய் வருவோம். ஸ்டீபனின் மனைவி ஹெலன் எறாக் குழம்பும் சோறும் செய்து கொண்டுவருவாள். ஜனங்கள் விரும்பி வந்தார்கள்.

ஸ்டீபனின் அப்பா தேசப்பன் ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் வயலில் வேலை செய்தவர். அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிக் காட்ட என்ன இருக்கிறது? ஆலையில் என்னை ‘சார்’ என்பான். படகில் காலை வைத்ததும் ‘அண்ணே’. அதையும் நான் பொருட்படுத்தவில்லை.

ஒரு ஞாயிறு, அம்பத்தூரிலிருந்து வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பாதி வழியில் தவித்துப்போனாள். கரையோர முள்ளுக்காட்டில் இறக்கிவிட்டு, ஹெலன் தன் முந்தானையை விரித்து மறைப்பாக நின்றாள். திரும்பி வந்ததும் எங்கள் மூவரையும் உட்காரவைத்து, “பொம்பளைங்களுக்கு ஒரு ரூம் இல்லாம இனிமே போட்ட எடுக்கக் கூடாது” என்றாள். அவளுக்குப் பங்கு கிடையாது. ஆனாலும் சொன்னாள். நியாயமான பேச்சு என்பதால் நானும் தலையாட்டினேன்.

நான் சொன்ன வழி எளிமையானது. ஒரு குழாயை நேராகக் கால்வாயில் விட்டுவிடுவது. எத்தனையோ கம்பெனிகளின் தண்ணீர் வந்து சேரும் கால்வாய் அது. இதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஸ்டீபன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “இன்னாண்ணே பேசற? எங்க மாமியார் அந்தத் தண்ணியிலதான் இடுப்பளவு நின்னுகினு கையால எறா தடவுறாங்க. அவங்க மேல வுடச் சொல்றியா?”

வெங்கடேசன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

ஸ்டீபனிடம் வேறு திட்டம் இருந்தது. எங்கோ போனில் பார்த்திருக்கிறான். தண்ணீரே வேண்டாம், உட்காரும் பீடத்துக்குக் கீழே ஒரு வாளி, பக்கத்தில் ஒரு டப்பா நிறைய தென்னைநார்த் தூள். போனவர்கள் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு வரவேண்டும். நாறாது, ஈ வராது. வாளி நிறைந்ததும் கரையில் குழி வெட்டிப் புதைத்தால் பிறகு எரு. “வாரத்துக்கு ஒர்த்தரு தூக்கினு போயி கொட்டணும். நாம மூணு பேரும் முறை வச்சிக்கலாம்” என்றான்.

முறை. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னைப் பார்த்து, என் கண்ணைப் பார்த்து, டீ வாங்கி வரும் முறையைச் சொல்வதுபோலச் சொன்னான். தேசப்பன் மகன் வாளி தூக்கும் வாரம் ஒன்று, நான் தூக்கும் வாரம் ஒன்று. எனக்குக் கோபம் வரவில்லை. காதுமடல் மட்டும் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

நான் நிதானமாகப் பேசினேன். வாளி என்றால் பட்டணத்து ஜனங்கள் முகம் சுளிப்பார்கள். பின்பக்கத் தளத்துக்கு அடியில் ஒரு இரும்பு டேங்க் செய்வோம். தண்ணீர் ஊற்றினால் உள்ளே போய்விடும். நிறைந்தால் கழிவு லாரியை வரச் சொன்னால் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கையால் தொடுகிற வேலையே இல்லை. வெங்கடேசன் என் பக்கம் சேர்ந்தான். வாளி என்றதுமே அவனுக்குக் குமட்டியிருக்கிறது.

ஸ்டீபன் பின்பக்கத் தளத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, “சரி. டேங்க நானே அடிக்கிறேன். ஆனா மூடி பெருசா இருக்கணும். காத்துக் குழாய் கூரைக்கு மேல போகணும். இன்னா ஆனாலும் மனுஷன் உள்ள எறங்கக் கூடாது” என்றான்.

அவன் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அதெல்லாம் ஆலையில் நான் நடத்துகிற பாதுகாப்பு வகுப்பில் அவன் கற்றதுதான். மூடிய தொட்டிக்குள் விஷவாயு தேங்கும், மூடியைத் திறந்தாலும் போகாது, ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான், காப்பாற்றப் போகிறவனும் சாவான் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். ஸ்டீபன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பான். நல்ல மாணவன்.

டேங்கை அழகாகச் செய்திருந்தான். குனிந்து உட்கார்ந்தால் ஒரு ஆள் அடங்கும். ஆனால் ஒரு தொல்லை வந்தது. கரை சேறாக இருந்ததால் லாரியின் குழாய் படகுவரை எட்டவில்லை. டேங்கிலிருந்து கைப்பம்பு வைத்து லாரிக்கு அடித்துத் தள்ள வேண்டியிருந்தது. உடனே ஸ்டீபன் மறுபடியும் முறையைக் கொண்டுவந்தான். முதலில் அவன் அடித்தான், பிறகு வெங்கடேசன்.

என் முறை வந்தபோது நான் கவரைப்பேட்டையிலிருந்து பாக்கியராஜ் என்கிற ஆளை வரவழைத்தேன். எங்கள் தெருச் சாக்கடை அடைத்தால் அவன்தான் வருவான். அவன் பம்பில் கை வைப்பதற்குள் ஸ்டீபன் வந்துவிட்டான். சவாரிக்கு வந்தவர்கள் கரையில் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஸ்டீபன் அவனைத் தோளில் தட்டி, “நீ போ நைனா, டீ சாப்ட்டுக் கெளம்பு” என்று அனுப்பிவைத்தான். பிறகு என்னிடம் வந்து, “உன் முறைன்னா நீ செய்ணே. அவன் மட்டும் மனுஷன் இல்லியா?” என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் அடித்தேன். குழாய் இணைப்பு ஒன்று நழுவி என் சட்டையில் தெறித்தது. கரையில் யாரோ ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஹெலன் ஓடிப்போய் சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்தாள். ஸ்டீபன் எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “வுடுண்ணே, கை ஒண்ணும் தேஞ்சிடாது” என்று சிரித்தான். ஆறுதலாகச் சொன்னான் என்றுதான் ஹெலன் உங்களிடம் சொல்லியிருப்பாள். இருக்கலாம்.

வீட்டுக்குப் போய்க் குளித்தேன். மறுபடியும் குளித்தேன். என் மனைவி அருணா என்ன ஆச்சு என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனேன், வகுப்பு எடுத்தேன். ஸ்டீபன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ‘சார்’ என்றான். அந்தச் ‘சாரு’க்குள் ‘தேஞ்சிடாது’ என்பது இருந்தது. அதற்கப்புறம் அவன் எப்போது கூப்பிட்டாலும் எனக்கு அதுதான் கேட்டது. நான் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை என்பதை ஆலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கோடையில் என்ஜின் பழுதாகி, படகு பல வாரங்கள் கரையில் கிடந்தது. டேங்கில் கொஞ்சம் கழிவு மிச்சம் இருந்தது. அந்த வெயிலில் இரும்பு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாற்றம் அடிக்கிறது என்று வெங்கடேசன் சொன்னதால் காற்றுக் குழாயின் வாயை நான் துணி திணித்து அடைத்தேன். ஸ்டீபனிடம் சொல்லவில்லை. சின்ன விஷயம்.

சவாரி மறுபடி தொடங்கும் முன்பு டேங்கைக் காலி செய்ய வேண்டும். முறை என்னுடையது. லாரி வருவதற்கு முன்பே காலையில் நான் மட்டும் போனேன். ஆலையிலிருந்து வாயு அளக்கும் மீட்டரை எடுத்துப் போயிருந்தேன். மூடியைக் கொஞ்சம் விலக்கி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். பாதி தூரம் போவதற்குள்ளேயே அது கத்த ஆரம்பித்துவிட்டது. மேலே இழுத்து, அணைத்து, வண்டிப் பெட்டியில் வைத்தேன். மூடியைப் பழையபடி மூடினேன். எதையும் அளந்து பார்க்காமல் செய்கிறவன் நான் இல்லை.

ஸ்டீபனுக்குப் போன் போட்டு, பம்பு இழுக்கவில்லை, உறிஞ்சும் குழாயின் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது, வந்து பார் என்றேன். வந்தான். ஹெலனையும் கூட்டிவந்தான், அவள் கரையில் அடுப்பு மூட்டி டீ போட்டாள்.

அவன் பம்பை அடித்துப் பார்த்தான். “ஆமாண்ணே, கெட்டியா புட்ச்சிகினு இருக்குது. கொக்கி வச்சி இழுத்துப் பாப்போம்” என்றான். கொக்கி எட்டவில்லை. எட்டாது என்று எனக்குத் தெரியும். காலையில் பம்பைக் கழற்றி, குழாய்க்குள் கம்பியால் குத்தி அடிவாய்வரை அந்த அடைப்பைத் திணித்தவன் நான்தான். என் பழைய துண்டு.

“நான் இறங்கிப் பார்க்கறேன்” என்று சட்டையைக் கழற்றினேன். “முறை என்னுதுதானே.”

மேடம், இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நான் அவனை இறங்கச் சொல்லவில்லை. நான் இறங்குகிறேன் என்றுதான் சொன்னேன். அவன் இறங்கவிடமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஸ்டீபன் அப்படிப்பட்டவன்தான்.

அவன் என் முன்னால் வந்து நின்றான். “இன்னாண்ணே நீ, வயசாயிடுச்சி உனக்கு. யாரும் எறங்க வேணாம். மூடியத் தொறந்து வச்சிட்டு நாளைக்கிப் பாத்துக்கலாம்.”

“காலையிலேயே மீட்டர் போட்டுப் பார்த்துட்டேன்” என்றேன். “சுத்தமா இருக்குது. காத்துக் குழாய்தான் வச்சிருக்கியே.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். டேங்கைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

“நீங்க பாத்துட்டீங்கன்னா சரி, சார்” என்றான்.

படகில் நின்றுகொண்டு ‘சார்’ என்றான். அப்போதுகூட நான் தடுத்திருக்கலாம் என்பீர்கள். நேரம் இருந்தது. ஒரு காலை உள்ளே விட்டான், பிறகு இன்னொரு காலை. “அட, கொஞ்சந்தான் இருக்குது” என்றான். குனிந்தான். பிறகு சத்தம் இல்லை. வகுப்பில் நான் சொல்வது போலவேதான் நடந்தது.

ஹெலன் டீயோடு பலகையில் ஏறி வந்தாள். எட்டிப் பார்த்ததும் டீத் தூக்கை அப்படியே போட்டுவிட்டு டேங்கின் வாய்க்குள் பாய்ந்தாள். நான் அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். திமிறினாள். என் கையைக் கடித்தாள். இதோ, பல் பதிந்திருக்கிறது. “வுடு, அவரு உசுரோட இருக்காரு, வுடுய்யா” என்றாள். விடவில்லை. விட்டிருந்தால் இரண்டு பிணம். இந்த வழக்கில் ஒரு உயிர் பிழைத்திருக்கிறது. பிழைக்கவைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. செய்தித்தாளிலும் போடவில்லை.

நேற்று இங்கே ஸ்டேஷன் வாசலில் அவள் மண்ணைவாரித் தூற்றினாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் நிதானமாக இருக்க மாட்டார்கள்.

துணி திணித்தது நான். துண்டு அடைத்தது நான். மீட்டர் கத்தியதைக் கேட்டுவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதும் நான். செத்துப்போவான் என்று தெரிந்தேதான் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெளியே அவன் சாதிக்காரர்கள் ஏதோ கோஷம் போடுகிறார்களே, அதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். என்னிடம் அந்த மாதிரி வித்தியாசம் எதுவும் கிடையாது. தகவல் கேட்டு ஓடிவந்த வெங்கடேசன்கூட ஒதுங்கி நின்றுவிட்டான். தீயணைப்பு வண்டி வருவதற்குள், ஆலையிலிருந்து வரவழைத்த காற்று ஊதியை வைத்து வாயுவை விரட்டி, கயிறு போட்டு, அவனை மேலே இழுத்தவன் நான். உடம்பெல்லாம் அதோடு இருந்தான். அப்படியே கையைப் பிடித்துத் தூக்கிக் கிடத்தினேன். அத்தனை வருடப் பழக்கத்தில் ஸ்டீபனை நான் தொட்டது அன்றுதான். கையுறைகூடப் போடவில்லை, மேடம்.