கிரகணம் போட்ட கோடு அல்ல

தலைமையேற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, விழுப்புரத்திலிருந்தும் மரக்காணத்துக் குப்பங்களிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்களில் பாதிப் பேரின் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவர் நம் டாக்டர் தையல்நாயகி அம்மையார். அவருக்காகக் கூடிய கூட்டத்தில் பிள்ளை அழும் சத்தம் கேட்காமல் இருக்குமா? அழட்டும். அவருக்குப் பிடித்த சத்தம் அது.

நான் ஜெயம்மாள். இந்தத் திண்டிவனத்தில் அவருடைய பிரசவ ஆஸ்பத்திரியில் தொடக்கம் முதல் நர்ஸாக இருப்பவள். உயிரோடு இருந்தவரை தன்னைப் புகழ விடமாட்டார். இன்று அவரால் தடுக்க முடியாது.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதத்தில் வந்த சூரிய கிரகணம் உங்களுக்கு நினைவிருக்கும். கர்ப்பிணிகளையெல்லாம் உள்ளே வைத்துக் கதவடைத்தோம். மரக்காணம் பக்கத்துக் குப்பமொன்றில் வடிவு என்ற கர்ப்பிணி மட்டும், கரையேறிய கட்டுமரத்திலிருந்து மீன் இறக்க ஆளில்லையென்று வெளியே போய்விட்டாள். அவளுக்குப் பிறந்த அம்சாவின் உடம்பில் பழுப்புக் கோடுகள். முதுகில் விசிறி விரித்தாற்போல் இறங்கின, வயிற்றில் சுழித்தன, காலில் நீளமாக ஓடின. கிரகணம் தீண்டிவிட்டது என்றார் மாமியார் முனியம்மாள். ஏழு வருஷம் அதே பேச்சு. கடைசியில் யாரோ பெருவியாதி, குஷ்டம் என்று கிளப்பிவிட, தாயையும் மகளையும் வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். கணவன் அரசப்பனும் தாய் பக்கமே நின்றான்.

எங்களிடம் வந்த வடிவு மருந்து கேட்கவில்லை. "நான் பண்ண தப்பு டாக்டரம்மா. நான் எங்கனா இருந்துக்கறேன், பொண்ண மட்டும் வூட்ல சேத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

அம்மையார் குழந்தையின் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். கோட்டின்மேல் உணர்ச்சி இருந்தது. பெருவியாதியானால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும்; அது இல்லை. பிறகு விரலால் கோடுகளைத் தொடர்ந்துகொண்டே எங்களுக்கு விளக்கினார். இது நரம்பு போகும் வழியல்ல, ரத்தம் போகும் வழியுமல்ல, கருவில் தோல் வளர்ந்து பரவிய வழி. ஆரம்பத்திலேயே ஓர் உயிரணு தானாக மாறிப்போயிருக்கிறது. அதிலிருந்து பெருகியதெல்லாம் அந்த நிறம், மற்றதெல்லாம் வழக்கமான நிறம். ஒரே மல்லாட்டைச் செடியில் ஒரு கிளை மட்டும் வெளுத்து வருவதில்லையா? அதற்கு விதைத்தவர் என்ன செய்வார் என்று கேட்டார்.

இதைச் சொன்னால் முனியம்மாள் கேட்பாரா? மறுநாள் அம்மையார் வடிவையும் அம்சாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்குப் புறப்பட்டார். கூடவே தன் மகன் முத்துசாமியையும் இழுத்துக்கொண்டு வந்தார். தம்பி முன்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறான். வெட்கப்படாதே தம்பி, சொல்லித்தான் தீருவேன். முனியம்மாள் வீட்டு வாசலில், ஊர் பார்க்க, உன் சட்டையைக் கழற்றினார் உன் தாய்.

"அந்தக் கெரகணத்தன்னிக்கு இவன் என் வயித்துல அஞ்சு மாசம். ஒரு பிரசவம் பாக்க நானும் வெளியிலதான் நடந்து போனேன். இவன் ஒடம்புல எங்கனா கோடு இருக்குதா, பாருங்க."

முனியம்மாள் லேசில் விடுகிறவரா! பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதுக்குப் பின்னால்கூட விடவில்லை. அப்புறம் வண்டியருகே நின்ற மருமகளிடம் போனார்.

"வா வடிவு, உலை வெக்கணும். கொழந்தையையும் கூட்டிக்கினு வா."

அம்சாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடம் போகிறாள். கோடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு மருந்து இல்லை, தேவையுமில்லை. தன் பிள்ளையையே சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்திய ஒரு மருத்துவர் நமக்கு வாய்த்தாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது? அழுதால் போதுமா? போதாது என்றுதான் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் நாங்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அதை அம்மையார் படத்தின் முன் நின்று சொல்கிறேன். இனி எந்தக் குழந்தை எந்த அடையாளத்தோடு பிறந்தாலும், பிள்ளையைத் துடைத்துத் தாயின் கையில் கொடுக்கும்போது, ஆணா பெண்ணா என்பதற்கும் முன்னால், "உன் மேல தப்பில்லம்மா" என்று சொல்வோம்.