சட்டைப்பையில் ஒரு குடை

— மெதுவா ஓட்டு தம்பி. மாமா முழிச்சுக்கப் போறார்.

— முழிக்க மாட்டார் சகலை. வண்டியில ஏறின உடனே தூங்குறதும், இறங்கின உடனே யாரையாவது திட்டுறதும் நம்ம மாமனாருக்குப் பழக்கம்தானே. கண்ணாடியில பாருங்க, வாய் எப்படித் தொறந்திருக்குன்னு.

— நீயும் நானும் பேசிக்கிறது அவர் காதுல விழுந்தா என்ன நினைப்பார்.

— சந்தோஷப்படுவார். அதுக்குத்தானே டிரைவருக்கு லீவு குடுத்துட்டு நம்ம ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தினார். நம்ம கம்பெனிப் புதுக் குடையை வெளியிடுற அரங்க வாசல்ல ரெண்டு மாப்பிள்ளையும் ஒண்ணா இறங்கணுமாம். படம் எடுக்க ஆள் நிக்குதாம்.

— அடிப்படையில அது நல்ல காட்சி. குடும்பம்ங்கிறதும் ஒரு குடை மாதிரிதான். நடுவுல தண்டு, சுத்தி கம்பிகள், எல்லாத்தையும் இணைக்கிற துணி...

— மேடையில சொல்லுங்க சகலை, கைதட்டுவாங்க. இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன், என் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு.

— உன் நக்கல் மட்டும் குறையவே இல்ல. நம்ம பேச்சு நின்னதே அதாலதான்.

— நான் என்ன பண்ணேன். உங்க அறை வாசல்ல 'கழிப்பதே கலை'ன்னு பித்தளைப் பலகை மாட்டினீங்க. பக்கத்துல கழிப்பறை. வழி தெரியாம வர்றவங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னு ஒரு அம்புக்குறி வரைஞ்சேன்.

— அது வடிவமைப்புத் தத்துவம்டா. வேண்டாததையெல்லாம் எடுத்துக்கிட்டே வந்தா கடைசியில குடை மட்டும் மிஞ்சும்.

— மிஞ்சினது மாமா சட்டைப்பையில இருக்கு. சும்மா சொல்லக்கூடாது, லட்சணமாத்தான் இருக்கு. மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுகூட இல்ல.

— முனையில பொன் முலாம் என் யோசனை. விளக்கு பட்டா மின்னணும்னு முனையை மேல் பக்கமா வச்சுக்கச் சொன்னேன்.

— தாடைக்கு நேரா நிக்குது.

— நிக்கட்டும். மூடின குடைதானே.

— ஆமா, 'முட்டையைவிட லேசான குடை'ன்னு ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியாச்சே. உண்மையிலேயே லேசா?

— போன வாரம் வரைக்கும் இல்ல. மாமா தராசுல ஒரு தட்டுல கோழிமுட்டையை வச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருந்தார். எந்தக் குடையை வச்சாலும் குடைத் தட்டு கீழ போய்த் தரையைத் தொட்டுச்சு. வேற வழியில்லாம நான் முட்டையை எடுத்துட்டு வாத்து முட்டையை வைக்கச் சொன்னேன்.

— ஓ, அது நீங்கதானா. மாமா என்னைத்தானே சந்தேகப்பட்டார். 'என் தராசுக்குள்ள எவன் வாத்தை விட்டான்'னு ஒரு நாள் பூரா என்னை முறைச்சுக்கிட்டே இருந்தார்.

— அப்புறம் எடையை நிஜமாவே குறைக்க வேண்டியதாப் போச்சு. கைப்பிடி என் பொறுப்பு. அதோட சுவரை இழைச்சேன், உள்ளுக்குள்ள ஓட்டை போட்டேன். அப்பவும் போதல. கடைசியா ஒரு துணிச்சலான முடிவு எடுத்தேன்.

— என்ன துணிச்சல்.

— மேடையில நானே சொல்லலாம்னு இருந்தேன். சரி, உன்கிட்ட சொன்னா என்ன. கைப்பிடிக்குள்ள இருந்த பூட்டைத் தூக்கிட்டேன்.

— எந்தப் பூட்டு.

— குடை மூடியிருக்கும்போது சுருள்வில்லை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்குமே, பொத்தானை அழுத்தினா விடுமே, அதுதான். நல்ல எஃகு, கைப்பிடியிலயே அதுதான் கனம். உன் தண்டுலயும் அதே வேலைக்கு இன்னொரு பூட்டு இருக்கு இல்லையா. ஒரே வாசலுக்கு ரெண்டு காவல்காரன் எதுக்கு. அடிப்படையில அதுதான் என்... ஏன் வண்டியை நிறுத்துற.

— நிறுத்தல. கால் தானா எடுத்துக்கிச்சு.

— பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான் பாரு. போ.

— சகலை. தண்டுல இருந்த பூட்டை நான் எடுத்துட்டேன்.

— விளையாடாத.

— நாலு வயசுக் குழந்தையா நான், குடையை வச்சு விளையாட. உங்க கைப்பிடியில ஒண்ணு இருக்குங்கிற தைரியத்துல எடுத்தேன். மாமா தராசு என்னையும்தானே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— நமக்குள்ளதான் பேச்சில்லையே. வழக்கம்போல வீட்டுல சொன்னேன். 'உன் அக்காகிட்ட சொல்லி அவங்க வீட்டுக்காரர் காதுல போடச் சொல்லு'ன்னு. சரின்னு தலையாட்டினா.

— நானும் அதேதான் சொன்னேன். 'உன் தங்கச்சி வழியா அவனுக்குச் சொல்லிவிடு'ன்னு. இவளும் தலையாட்டினாளே.

— அக்காவும் தங்கச்சியும் இப்போ பேசிக்கிறது இல்ல சகலை. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சது.

— என்னடா சொல்ற. எதுக்கு.

— ஜன்னல் திரை. உங்க வீட்டுல தொங்குற அதே பூப்போட்ட திரையை என் வீட்டுலயும் வாங்கி மாட்டிட்டாளாம். காப்பியடிச்சுட்டான்னு உங்க வீட்டுல கோபம்.

— ஒரு திரைக்காகவா உடன்பிறந்தவங்க பேசாம இருப்பாங்க.

— நாம ஒரு அம்புக்குறிக்காக இருந்தோம்.

— சரி, நமக்குத்தான் தெரியல. சேர்த்துப் பார்த்தவன் கண்டுபிடிச்சிருக்கணும் இல்லையா.

— சேர்த்தது யாரு. எந்தப் புது மாதிரி வந்தாலும் முதல் குடையை மாமாதான் கதவைச் சாத்திக்கிட்டு தன் கையால சேர்ப்பார், வேற யாரும் உள்ள போகக்கூடாது. என் அறையிலிருந்து தண்டு போச்சு, உங்க அறையிலிருந்து கைப்பிடி போச்சு. நடுவுல இருந்தது அவர் ஒருத்தர்தான்.

— அவருக்குத் தெரியாமலா போகும். மூடினா நிக்காம எகிறுமே.

— மாமா குடையை மடிச்சு நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா.

— இல்ல.

— ஆயுசு பூரா விரிச்சுக் காட்டித்தான் அவருக்குப் பழக்கம். விரிப்பார், கைதட்டுவாங்க, மடிக்கிறதுக்கு ஆள் ஓடி வரும். மடிச்ச குடை கையில எப்படி இருக்கும்னே அவருக்குத் தெரியாது. திமிறினதைப் பெட்டியில துணி திணிக்கிற மாதிரி முழங்காலால அமுக்கி உறைக்குள்ள தள்ளியிருப்பார்.

— காலையில என்கிட்ட சொன்னார், 'மாப்ள, இந்தக் குடைக்கு உயிர் இருக்கு, கைக்குள்ள துடிக்குது'ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க.

— 'உங்க கை பட்டா எதுக்கும் உயிர் வரும் மாமா'ன்னேன்.

— சொல்லியிருப்பீங்க.

— அப்போ இப்ப அதை மூடி வச்சிருக்கிறது எது தம்பி.

— உறை.

— வெறும் துணி உறையா.

— துணியும் இல்ல, துணி மாதிரி ஒண்ணு. எடைக்காக அதையும் மெல்லிசாக்கினோம். ரெண்டு தையல் இருந்ததை ஒரு தையல் ஆக்கினோம். எடுத்த நூலைத் தனியா தராசுல வச்சுப் பார்த்து மாமா என் முதுகைத் தட்டிக் குடுத்தார்.

— முன்னாடி வேகத்தடை. மெல்ல. மெல்லடா.

— பார்த்துட்டேன். ஏறியாச்சு... இதோ இறங்குது. நான் திரும்ப முடியாது. என்ன ஆச்சுன்னு நீங்க பாருங்க.

— ஒரு விரல் அகலம் மேல வந்திருக்கு. உறையோட வாய்ப் பக்கம் நூல் தொங்குது.

— எழுப்புங்க அவரை.

— நீ எழுப்பு.

— நான் வண்டி ஓட்டுறேன். நீங்க மூத்த மாப்பிள்ளை. எல்லா மரியாதையும் உங்களுக்குத்தான் முதல்ல வரும், இதுவும் வரட்டும்.

— எழுப்பி என்னன்னு சொல்றது.

— 'பூட்டை எடுத்துட்டேன் மாமா'ன்னு சொல்லுங்க.

— நீயும்தானே எடுத்த.

— நீங்க சொல்லும்போது நான் எதுக்குக் குறுக்க பேசணும். பெரியவங்க பேசும்போது வாயைத் தொறக்காதேன்னு என்னை வளர்த்திருக்காங்க.

— புரியுதுடா. இன்னைக்கு மேடையில தனக்கப்புறம் நாற்காலி யாருக்குன்னு சொல்லப் போறார். நான் வாயைத் தொறந்தா நாற்காலி உனக்கு.

— நான் தொறந்தா உங்களுக்கு. தப்பு பண்ணவனைக்கூட மாமா மன்னிப்பார் சகலை, தப்பைச் சொன்னவனை மன்னிக்கிறதில்ல. மழையில கைப்பிடி வழுக்குதுன்னு உண்மையைச் சொன்ன மேலாளர் இப்போ எங்க இருக்கார்.

— கிடங்குல எலி விரட்டுறார்.

— எலியும் போகல, அவரும் திரும்பி வரல.

— கிளம்பும்போது அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க. 'அவரைப் பத்திரமாப் பார்த்துக்கங்க மாப்பிள்ளை'ன்னு.

— என்கிட்டயும் சொன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னதால நான் கொஞ்சம் நிம்மதியா இருந்தேன்.

— நானும்.

— ஒண்ணு பண்ணலாம். சொல்லவும் வேண்டாம், எழுப்பவும் வேண்டாம். திரும்பி உட்கார்ந்து கையை நீட்டி அதை மெதுவா உருவுங்க. ஜன்னல் வழியா வெளிய போட்டுடலாம். வழியில தொலைஞ்சுபோச்சுன்னு ஆகட்டும்.

— உருவும்போது விட்டுச்சுன்னா என் மூஞ்சிதான் கிட்ட இருக்கும்.

— தத்துவத்துக்காக ஒரு மூஞ்சி.

— வாயை மூடு. இந்த சீட் பெல்ட் வேற இழுக்குது. இரு... தொட்டுட்டேன்.

— எப்படி இருக்கு.

— துடிக்குது தம்பி. உள்ள ஏதோ மூச்சு விடுற மாதிரி இருக்கு.

— உருவுங்க.

— முடியல. தூக்கத்துலயே கையைத் தூக்கி மேல வச்சு அமுக்கிட்டார்.

— குடையையா, உங்க கையையா.

— ரெண்டையும்.

— விரல் விரலாப் பிரிச்சு எடுங்க. அவசரப்படாதீங்க.

— என் கை வந்துடுச்சு. குடை வரல. பெத்த பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கார். முனை இப்போ தொண்டைக்கிட்ட நிக்குது.

— சரி, முன்னாடி திரும்புங்க. நிதானமா யோசிப்போம். உறை கிழிஞ்சே போச்சுன்னு வச்சுக்கங்க, என்ன ஆகும்.

— படார்னு விரியும்.

— விரியும். மாமா அலறுவார். தாடையில ஒரு இடி விழும், வீங்கும். அவ்வளவுதான். தண்டு குழாயை விட்டு வெளிய வராது. அதுக்குன்னு உள்ள தடுப்பு வளையம் போட்டிருக்கு.

— அதையும் நீ எடுத்துடலையே.

— அதை எடுத்தா குடை இல்ல சகலை, அம்பு. ஆரம்பத்துல வளையம் இல்லாம ஒரு தடவை சோதனை பண்ணோம். தண்டு கிளம்பிப் போய் எதிர்ப்பக்கத்து மரப்பலகையில குத்தி நின்னுச்சு. இன்னைக்கு வரைக்கும் பிடுங்க முடியல. எங்க ஆளுங்க அதுல சட்டை மாட்டிக்கிட்டு இருக்காங்க.

— வளையம் இருக்குன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா.

— என் கையால போட்டேன். தண்டை நானே கொண்டுபோய் மாமா மேசையில வச்சேன்.

— அப்போ உயிருக்கு ஒண்ணும் இல்ல.

— ஒரு வீக்கம். மேடையிலயே நடந்தாலும் ஜனங்க சிரிப்பாங்க, அதோட போச்சு.

— சிரிச்சா பழி யார் மேல விழும்.

— கதவைச் சாத்திக்கிட்டு சேர்த்தது யாரோ அவர் மேல.

— அடிப்படையில அது நியாயம்தான்.

— அப்போ நீங்களும் வாய் தொறக்கக்கூடாது, நானும் தொறக்க மாட்டேன். என் இடது கையைப் பிடிங்க.

— சரி. பேசாம இருக்கிறது நமக்கு நல்லா வருமே.

— இத்தனை நாள் பழகினது வீணாப் போகல. அய்யோ, முன்னாடி பாருங்க.

— என்ன இது, சாலையை இப்படித் தோண்டிப் போட்டிருக்காங்க.

— அரங்கம் வரைக்கும் இப்படித்தான் போல. ரெண்டு பக்கமும் பள்ளம், பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டு வருது. ஓரமா நிறுத்தவும் முடியாது.

— வீக்கம்தான்னு சொன்ன இல்லையா.

— வீக்கம்தான்.

— மாப்ள.

— மாமா. முழிச்சுட்டீங்களா.

— வண்டி தூக்கிப் போட்டா யார்தான் தூங்குறது. கண்ணைத் தொறந்தா ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. கனவோன்னு நினைச்சேன்.

— சும்மா குடையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம் மாமா.

— பேசுங்க மாப்ள, பேசுங்க. என் பொண்ணுங்க மனசு குளிரும். ஆனா இது ஏன் தாடையை வந்து முட்டுது.

— அதை இப்படிக் குடுங்க மாமா. முனையைத் துடைச்சுத் தர்றேன்.

— தொடாதீங்க. மேடையிலதான் இது பையை விட்டு வெளிய வரும். என்ன சொல்றேன்னா, நேத்து சாயங்காலம் உங்க ரெண்டு பேர் சாமானையும் சேர்த்துத் தராசுல வச்சேன். முட்டையும் குடையும் சரிக்குச் சரியா நின்னுச்சு. சரிக்குச் சரியா நின்னா அதை முட்டையைவிட லேசுன்னு எப்படிச் சொல்றது. பொய் சொல்ற கம்பெனியா நம்மது.

— அதனால என்ன பண்ணீங்க மாமா.

— வடிவமைப்பு என்ன மாப்பிள்ளைங்களுக்கு மட்டும்தான் வருமா. தண்டைத் தட்டினேன், உள்ளேயிருந்து குட்டியா ஒரு வளையம் வந்து விழுந்துச்சு. நீங்கதான் ஆளுக்கொரு பூட்டு போட்டுக் குடுத்திருக்கீங்களே, மூணாவதா இது எதுக்குத் தண்டச்சோறுன்னு அதை வெளியிலயே விட்டுட்டேன்.