அவரவர் நாட்டின் பெயரால்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் கைலாசம் அவர்களே, தாயை இழந்து நிற்கும் ஜாய்சியே, தச்சநல்லூர் ஞாயிறு வகுப்பில் படித்தவர்களே, இப்போதும் படிக்கிறவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னே பேசியவர்கள், ஆசிரியை ஞானசௌந்தரி அம்மையார் நம்மவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தவர் என்றார்கள். அது சரியல்ல. அனுப்பியவர்கள் ஏஜெண்டுகள். போன இடத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனை அவன் நாட்டின் பெயரால் அழைக்கச் சொல்லிக்கொடுத்தவர்தான் ஞானசௌந்தரி. சாந்தமானவர் என்றும் சொன்னார்கள். கான்வென்ட்டில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நேற்று கல்லறையிலிருந்து திரும்பும்போது தலைவர் என்னிடம் சொன்னார்: "டீச்சரே போயிட்டாவ. இனி மாடி ரூமைப் பாத்திரக் கடைக்கு விட்டுரலாம்மா. இங்கிலீஷ் எல்லாம் போன்லயே கெடைக்குதே." ஞாயிறு வகுப்பு நடப்பது சங்கத்தின் அந்த மாடி அறையில்தான்; அது போனால் வகுப்பும் போகும். அதனால்தான் இன்று பேச வந்தேன்.

எங்கள் கான்வென்ட்டின் தலைமைக் கன்னியாஸ்திரி, நாங்கள் மதர் என்று அழைத்தவர், அயர்லாந்தில் பிறந்தவர். ஒருமுறை விருந்தினர் முன்னால் ஞானசௌந்தரி அவரை "இங்கிலீஷ் மதர்" என்று சொல்லிவிட்டார். "நான் ஐரிஷ்" என்றார் மதர். பிறகு அன்று முழுவதும் எங்களோடு பேசவில்லை. வெள்ளைக்காரர் எல்லாம் இங்கிலீஷ் என்று எண்ணியிருந்த எங்களுக்கு அது அடி வாங்கியதைவிட உறைத்தது.

அந்த மௌனத்தையே ஞானசௌந்தரி பிற்பாடு தன் பாடமுறையாக்கினார். வகுப்பில் ஆளுக்கொரு நாட்டவராக உட்கார வேண்டும். சரியாக அழைக்காதவரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கப்பல் வேலைக்குப் போகவிருந்த உவரி வியாகுலம், ஸ்காட்லாந்துக்காரராக உட்கார்ந்த மேலப்பாளையம் பீர் மைதீனை "இங்கிலீஷ்மேன், இங்கிலீஷ்மேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். டீத் தட்டு பீர் மைதீன் கையில். மனிதர் அசையவில்லை.

"என்ன வே மைதீன், டீ ஆறுதுல்லா?"

"இங்கன மைதீனும் இல்ல, இங்கிலீஷ்காரனும் இல்ல. பைய யோசிச்சுக் கூப்பிடும்."

"ஸ்காட்டிஷ்."

"சட்டைக்குச் சொல்லும் அத. ஆளுக்கு?"

"ஸ்காட்ஸ்மேன் வே, ஸ்காட்ஸ்மேன். டீயைத் தாரும்."

போலந்து, போலிஷ், ஒரு போல். ஸ்பெயின், ஸ்பானிஷ், ஒரு ஸ்பானியர்ட். நெதர்லாந்துக்காரர் டச்சு. எல்லாம் இப்படித்தான் மனதில் ஏறின. "சைனாமேன்" என்றவரை மட்டும் ஞானசௌந்தரி விளையாட்டிலிருந்தே எழுப்பிவிட்டார். அது பிழைகூட இல்லை, வசை என்றார். சாந்தமா இது?

இதெல்லாம் வீண் கண்டிப்பு என்று நினைப்பவர்கள், இந்த வகுப்பில் படித்துப்போய், விடுமுறையில் வந்து இதோ முன்வரிசையில் இருக்கும் அனஸைக் கேளுங்கள். தோஹாவில் கட்டட வேலை. சாரத்திலிருந்து ஒருவன் விழுந்துவிட்டான். ஆம்புலன்ஸுக்குப் பேசியவர் அனஸ். பக்கத்தில் நம் ஊர்க்கார மேஸ்திரி சிவசைலம்.

"ஏலே, பெங்காலி ஒருத்தன் விழுந்துட்டான்னு சொல்லு, போதும்."

"பெங்காலிங்கது பாஷை அண்ணாச்சி. அந்த நாட்டுக்காரன்னா பங்களாதேஷி. இவன் ரெண்டும் இல்ல, நேபாளி."

"உசிரு போவுது, இப்ப அதுவா முக்கியம்?"

"அதான் அண்ணாச்சி முக்கியம்."

அங்கே சாரத்தில் ஏறுகிறவர்களையெல்லாம் பெங்காலி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள் நம்மவர்கள். அனஸ் நேபாளி என்று சொன்னதால் மருத்துவமனை ஒரு நேபாளி நர்ஸை வாசலிலேயே நிறுத்தியது. அதுவரை யாருக்கும் பதில் சொல்லாதவன், தன் மொழியைக் கேட்டதும் வாய் திறந்தான். தனக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று சொன்னான். பிழைத்தான். தில்பகதூர் என்ற அந்த மனிதன் இன்று தன் ஊரில் மனைவி மக்களோடு இருக்கிறான்.

யாருடைய வெற்றி இது? மேஸ்திரியுடையதா? போனுடையதா? ஞானசௌந்தரியின் வெற்றி. தோஹாவைக் கண்ணால் பார்க்காமலே அங்கே ஓர் உயிரைக் காத்தவருக்கு நாம் அழுதுகொண்டா விடைகொடுப்பது? நான் அழவில்லை. நிமிர்ந்து நிற்கிறேன்.

தலைவர் அவர்களே, போனில் சொற்கள் கிடைக்கும். தவறாக அழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள அங்கே ஓர் ஆள் வேண்டுமே, அது கிடைக்குமா? வருகிற ஞாயிறு வகுப்பை நான் எடுப்பேன். துணைக்கு நிற்கப் பீர் மைதீன் சம்மதித்திருக்கிறார். என் உடம்பு தாங்கும்வரை அது நிற்காது. இது ஞானசௌந்தரிக்கு நான் தரும் வாக்கு.

மாடி அறை வகுப்புக்கு உண்டா, இல்லையா? வாய்ப்பேச்சு வேண்டாம். சங்கத்தின் பதிலை, உங்கள் கையெழுத்தோடு, சனிக்கிழமைக்குள் எழுத்தில் எனக்கு அனுப்புங்கள்.