ஒரு சட்டிக்கு ரெண்டு பேர்

அட உக்காருங்க தம்பி, எழுந்திருக்காதீங்க. கடைக்காரி கன்சுவேலோ உங்கள மட்டுமா விரட்டினா, என்னையுந்தான் விரட்டினா. இந்தக் கடற்கரை முழுக்க எந்தக் கடைக்குப் போனாலும் இதே கதைதான், தனி ஆளுக்குச் சோத்துச் சட்டி அடுப்புல ஏறாது. அதான் உங்க கையப் பிடிச்சு இழுத்தேன். சோறு வர்ற வரைக்கும் நெத்திலியத் தின்னுங்க, ஆறினா சவசவன்னு போயிடும். வைன்ல சோடா ஊத்திக்கலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க.

இந்தா, வந்துருச்சு. தட்டா? தட்டு எதுக்கு? மாட்ரிட்ல அப்படித் திம்பாங்க போல. இங்க சட்டியிலயே கரண்டியப் போட வேண்டியதுதான். ஆனா உங்க பக்கம் உங்களோடது, என் பக்கம் என்னோடது. அங்க பெரிய இறால் தெரியுதேன்னு கை நீளக் கூடாது. நடுவுல ஒரு கோடு இருக்குன்னு நெனச்சுக்கங்க.

அந்தக் கோடு கூட மதிக்கத் தெரியாதவன்தான் எங்கண்ணன் பத்திஸ்தே. நீங்க உக்காந்திருக்கிறது அவன் நாற்காலி. வியாழக்கிழமையானா நானும் அவனும் இங்கதான். பத்து வருஷத்துக்கு மேல பேச்சுவார்த்தை கிடையாது.

ஆமா, ஒரே சட்டிதான். சிரிக்காதீங்க. தனித்தனியா வந்தா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது, வேற என்ன பண்றது? எனக்கு வீட்ல ஆளில்ல. அவன் பொண்டாட்டிக்கு மீன் வாசமே ஆகாது. மீன்பிடிக்கிறவனக் கட்டிக்கிட்டு அது ஒரு பவுசு. அவனுக்கு உப்பு வேணும்னா கன்சுவேலோவக் கூப்பிட்டுக் கேப்பான். உப்பு என் முழங்கைக்குப் பக்கத்துல இருக்கும், நான் ஏன் நகத்துறேன்?

காரணமா? அப்பாவோட படகுல உர்சுலான்னு எங்கம்மா பேரு எழுதியிருந்துச்சு. நான் கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கிடந்தப்ப, பெயிண்ட் அடிக்கிறேன்னு சொல்லி அத அழிச்சுட்டு பொண்டாட்டி பேரை எழுதிட்டான். பெத்தவ பேரை. வயிறு எரியுமா எரியாதா? அன்னைக்கு மூடின வாய்தான்.

சரி, அதுகூடப் போகட்டும். போன வியாழக்கிழமை என்ன பண்ணான் தெரியுமா? சட்டி அடில காந்தல் பிடிச்சிருக்குமே, அதுக்காகத்தான் நாங்க ரெண்டு பேரும் இங்க வர்றதே. அவன் பக்கத்துக் காந்தல மொத்தமாச் சுரண்டி, கோட்டத் தாண்டி என் பக்கம் தள்ளிட்டு, நீ தின்னுடாங்கிறான். இத்தனை வருஷங் கழிச்சு அதான் பேச்சு. நான் என்ன பிச்சைக்காரனா? கரண்டிய விட்டெறிஞ்சுட்டு எழுந்து போயிட்டேன். கடையில அத்தனை பேரும் பாத்தாங்க.

மன்னிப்பா? அதுவா மன்னிப்பு? மன்னிப்புன்னா வாயத் தொறந்து கேக்கணும் தம்பி. அம்மா பேரை அழிச்சது தப்புடான்னு சொல்லணும். சோத்தத் தள்ளினா ஆச்சா? நீங்க அவனுக்குப் பரிஞ்சு பேசாதீங்க, உங்களுக்கு அவனத் தெரியாது.

அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். இவ்வளவு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தது போதும், அடுத்த வியாழக்கிழமை இதே மேசையில வச்சு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்னு. ஒரு வாரமா ஒவ்வொரு வார்த்தையா அடுக்கி வச்சிருக்கேன். எத முதல்ல சொல்லணும், எங்க நிறுத்தி அவன் மூஞ்சியப் பாக்கணும், எல்லாம். அவன் பதிலுக்குக் கத்துவான், நானும் விடப் போறதில்ல, அப்புறம் ரெண்டு பேரும் காப்பி சொல்லியிருப்போமோ என்னவோ.

இல்ல, வர மாட்டான். நீங்க ஏன் நாற்காலியக் காலி பண்றீங்க, உக்காருங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி படுத்தவன் எழுந்திரிக்கல. இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கோயில்ல பூசை, அப்புறம் அடக்கம். பெட்டிய முன்னால நீங்கதான் தூக்கணும் சித்தப்பான்னு அவன் மவன் காலைலேர்ந்து போன் மேல போன் போடுறான். தூக்குறேன், எங்கண்ணன நான் தூக்காம வேற எவன் தூக்குறது? ஆனா அந்தப் படுபாவி என்னை ஒரு வார்த்தை பேச விடாமப் போயிட்டானே தம்பி, அடுக்கி வச்சதையெல்லாம் நான் இனிமே எவன்கிட்டப் போய்க் கொட்டுறது?