மாமாவின் படகு மட்டும்

எனக்குத் துருவைக் கண்டால் ஆகாது ஐயா. பட்டறையில் எனக்குப் பெயரே பாலிஷ். வேலைக்காக வைத்த பெயர் என்று பல வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பேச்சுக்காக வைத்தது என்று என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

பாய்ப்படகுகளுக்குக் கம்பி கட்டுவது என் தொழில். இனி எண்ணுவதுதான் தொழில் என்று நீங்கள் சிரிக்கலாம். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் அவை. கம்பியின் அடிமுனையைப் படகோடு பிணைக்க ஒரு ஸ்டீல் ஃபிட்டிங் உண்டு. அது விட்டுப்போனால் மரம் சாயும். பழைய மாடல், மரை போட்டு முடுக்குவது. புது மாடல், கம்பியோடு சேர்த்து இயந்திரத்தில் நசுக்கி இறுக்கியது. புதுசுதான் உசத்தி என்று நான் தலைகீழாக நின்றேன். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும், எதுக்கும் நீச்சல் கத்து வச்சுக்குங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சோறு இறங்காது. கடைசியில் அக்காதான் பேசி, அவர் படகிலும் புது மாடலைப் போடவைத்தாள்.

இந்த வருடம் கம்பெனியிலிருந்து போன். அந்த மாடல் உள்ளுக்குள் விரிசல் விடுகிறதாம், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களாம், படகுக்காரர்களிடம் உடனே சொல்ல வேண்டுமாம். நான் பொறுப்பில்லாதவன் இல்லை. சர்வீஸ் என்று சொல்லி ஒவ்வொரு படகாகக் கழற்றி மாற்றினேன். மாமா படகு மட்டும் பாக்கி. மற்றவர்களுக்கு நான் கழற்றுவது என்னவென்று தெரியாது, அவருக்குத் தெரியும். தெரிந்தால் ஆயுசுக்கும் அதையே தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து மாற்றலாம் என்றிருந்தேன். மனுஷன் எங்கேயும் போகவில்லை.

போன ஞாயிறு படகை எடுக்கப்போவதாக அக்கா சொன்னாள். நான் முன்னாலேயே போய்ப் பார்த்தேன். கம்பி நுழைகிற இடத்தில், மயிரிழை அளவில் ஒரு பழுப்புக் கோடு. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: விரிசல் விழுந்தாயிற்று. கிளம்புமுன் மாமா முதலில் தேடுவதும் அதைத்தான். துணியை எடுத்துத் துடைத்தேன். பிறகு பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போலிருந்தது. பார்த்தேன். தலை கலைந்திருந்தது, சீவிக்கொண்டேன்.

மாமா வந்தார். குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"கறையே இல்லடா. நான்தான் உன்ன ரொம்ப ஓட்டிட்டேன் மாப்ள. உன் சாமான் நல்ல சாமான்."

இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில், அது கழற்றிப் போட வேண்டிய சாமான் என்று எந்த வாயால் சொல்வேன்?

"காத்து நல்லாருக்கு மாமா, பாயை முழுசா ஏத்துங்க" என்றேன். கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டதும் நான்தான்.

மரம் அவர் மேலேயே விழுந்தது என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விழும் என்பது தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறாளாம். கடைசியில் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இருக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள் ஐயா. கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.